தகரம், தடி, தேய்ந்த கத்தி: வீசிய பொருட்களில் கலை செய்ய ஓர் அறிமுகம்

பழைய பொருளில் கலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பாடசாலைக் கண்காட்சி மேசைதான். பிளாஸ்டிக் போத்தலை வெட்டி இதழ் விரித்த பூ, முட்டைக்கோதில் முகம் வரைந்த கோமாளி, ஐஸ்கிறீம் குச்சியில் வீடு. எல்லாவற்றுக்கும் மேலே தங்க நிறப் பெயின்ட் ஒரு பூச்சு. கைவேலை என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளின் விரல் பழகும், குப்பையும் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஒரே பாராட்டைத்தான் சொல்வார்கள். "அட, போத்தல் என்று தெரியவே இல்லையே!"

இந்தக் கட்டுரை சொல்லப்போகும் கலை அதற்கு நேர் எதிர்ப் பக்கம் போகிறது. இங்கே போத்தல் போத்தலாகவே தெரிய வேண்டும். கூடவே இன்னொன்றாகவும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று காணாமல் போனாலும் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

இதைப் புரிந்துகொள்ள பிக்காசோ 1942இல் செய்த காளைத் தலை போதும். ஒரு பழைய சைக்கிள் சீட், ஒரு ஹேண்டில், அவ்வளவுதான். சீட்டை முகமாக நிறுத்தி, ஹேண்டிலைக் கொம்பாக மேலே வைத்தார். பார்த்ததும் காளை தெரியும். உடனேயே சைக்கிள் தெரியும். அப்புறம் இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். சீட்டின் மேல் கண் வரைந்து, மூக்குத் துளை போட்டு, பழுப்பு நிறமும் அடித்திருந்தால் அது கடைத்தெருப் பொம்மை மாடு. ஒன்றையும் சேர்க்காமல் விட்டதில்தான் அவருடைய கெட்டித்தனம்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இந்த வித்தையை யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டின் மீன் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, தேய்ந்த ரப்பர் செருப்பில் நான்கு வட்டம் வெட்டிச் சக்கரமாக்கி, கம்பியில் கோத்து, நூல் கட்டி இழுத்துப் போகும் பஸ், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் ஓடியிருக்கிறது. பஸ்ஸின் பக்கத்தில் மீன் படம் அப்படியே இருக்கும். அது மீன் டின் என்று பிள்ளைக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். ஹட்டன் போகிற பஸ் என்பதும் இருவருக்கும் தெரியும்.

வரலாற்றைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடலாம். 1912இல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத் துணி ஒன்றை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிற்றைக் கட்டினார். அடுத்த வருடம் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் ஒரு மர ஸ்டூலின் மேல் சைக்கிள் சக்கரத்தைத் தலைகீழாக நட்டார். 1917இல் நியூயோர்க்கில், கட்டணம் கட்டியவர் எவருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்த கண்காட்சிக்கு, ஆண்கள் கழிப்பறையில் பொருத்தும் சிறுநீர்க் கோப்பை ஒன்றை வேறு பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினார். அறிவித்தவர்களே அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தார்கள். துஷாம்பின் வேலை எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை. எனக்கே அதில் பாதிக்கு மேல் குறும்புதான் தெரிகிறது. ஆனால் அவருக்குப் பிறகு, ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதும் கலைஞரின் வேலை என்று ஆகிவிட்டது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் கூர்ட் ஷ்விட்டர்ஸ் ட்ராம் டிக்கெட், பொதி சுற்றிய காகிதம், உடைந்த மரத்துண்டு என்று தெருவில் கிடந்ததையெல்லாம் படத்தில் ஏற்றினார். இப்படிப் பொருட்களைச் சேர்த்துக் கட்டும் முறைக்கு அசம்பிளாஜ் என்ற பெயர் 1950களில் பரவியது. 1961இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அந்தப் பெயரிலேயே பெரிய கண்காட்சி ஒன்றை வைத்தது.

இவர்களைவிட நமக்குக் கிட்டத்தில் நிற்பவர் எல் அனட்சுயி. 1944இல் கானாவில் பிறந்தவர். நைஜீரியாவின் ன்சுக்கா பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் சிற்பம் கற்பித்தவர். 1990களின் இறுதியில் மதுப் போத்தல் மூடிகள் நிறைந்த பை ஒன்று அவர் கண்ணில் பட்டது. மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்கத் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் அந்த அலுமினியம் சுவர் முழுவதும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் சிவப்பும் பொன்னுமான துணியாகத் தெரிந்தது. கிட்டப் போனால் மூடியில் மதுக் கம்பனியின் பெயரை இன்னும் வாசிக்கலாம். வாசிக்க முடிவதுதான் இங்கே முக்கியம். ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆபிரிக்காவுக்கு மதுவைக் கொண்டுவந்து பண்டமாற்றுச் செய்தார்கள். அங்கிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கரும்பில் வடித்த ரம் திரும்பவும் சந்தைக்கு வந்தது. இத்தனையும் அந்த மூடியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தங்கப் பெயின்ட் அடித்திருந்தால் வந்திருக்காது. 2015இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது கொடுத்தது.

இதே வேலையைத் தோட்டத்துத் தவறணைக்குப் பின்னால் கிடக்கும் சாராய மூடிகளில் ஒருவர் செய்தால் என்ன ஆகும்? தொழில்நுட்பம் அனட்சுயியினுடையதுதான். ஆனால் சம்பள நாளன்று வீட்டுக்கு வராத பணமும் அந்த மூடியில் வந்து உட்கார்ந்துவிடும். பார்க்கிற தோட்டத்துப் பெண்ணுக்கு அது அலங்காரத் துணியாக மட்டும் தெரியாது. ஒரே மாதிரிப் பொருளானாலும் ஊருக்கு ஊர் அது சுமந்து வருவது வேறு.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிட்டு நம் பக்கம் வருகிறேன். 1947 பிரிவினையில் ஊரை விட்டு வந்த நெக் சந்த், சண்டிகர் நகரத்தில் வீதிப் பரிசோதகராக வேலை பார்த்தவர். புதிய நகரம் கட்டுவதற்காக இடித்த ஊர்களின் ஓடு, உடைந்த வளையல், பீங்கான், மின்சாரச் சாமான் எல்லாவற்றையும் பொறுக்கி, 1950களின் இறுதியிலிருந்து அரசாங்கக் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்துத் தள்ளாமல் விட்டார்கள். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறந்த தோட்டமாயிற்று. இலங்கையில் ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997இல் பரலிசம் என்று ஒன்றைத் தொடங்கினார். போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளில் நின்ற தார் பரல்களைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்ற எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

சரி, மலைநாட்டில் என்ன கிடைக்கும்? கேட்பதைவிட, என்ன பேசும் என்று பார்ப்பது நல்லது.

கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மட்டமாக வெட்டிவிடும் வளைந்த கத்தி. புதுக் கத்தியின் அலகு அகலமாக இருக்கும். தீட்டித் தீட்டி, வருடங்கள் போகப் போக, வெட்டும் பக்கம் உள்வாங்கி அலகு மெலிந்து வரும். பிடியைப் பாருங்கள். வியர்வையும் தேயிலைச் சாறும் ஊறிக் கறுத்திருக்கும். பெருவிரல் அழுத்தும் இடம் மட்டும் பள்ளமாகி வழுவழுப்பாக இருக்கும். வலக்கைக்காரர் வைத்திருந்ததா இடக்கைக்காரர் வைத்திருந்ததா என்றுகூடச் சொல்லிவிடலாம். இதை வைத்து என்ன செய்வது? அலகில் தேயிலை மலையும் சூரியனும் வரைந்து சுற்றுலாப் பயணிக்கு விற்கலாம். விற்கும், ஆனால் கத்தி ஊமையாகிவிடும். அதைவிட மூன்று கத்திகளைத் தேடிப் பிடியுங்கள். ஒன்று புதிது, ஒன்று பாதி தேய்ந்தது, ஒன்று இனித் தீட்ட இரும்பே இல்லாதது. ஒரு பழைய கதவுப் பலகையில் மூன்றையும் ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். வேறொன்றும் வேண்டாம். பார்ப்பவரின் கண் இடமிருந்து வலம் போகும்போது ஒருவரின் உழைப்புக் காலம் முழுவதும் கடந்துவிடும்.

அடுத்தது தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகைப் பக்கங்கள், விளிம்பில் ஆணியடித்த தகரப் பட்டி, ஈரம் புகாமலிருக்க உள்ளே உலோகத் தாள். வெளியே அச்சுத் தகடு வைத்துக் கறுப்பு மையில் அடித்த தோட்டப் பெயர், தரம், நிறை. இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போகிறது. ஆனால் பழைய பெட்டிகள் எத்தனையோ லயத்து அறைகளில், அதாவது காம்பராக்களில், அரிசிப் பெட்டியாகவும் சாமி மாடமாகவும் பிள்ளையின் படிப்பு மேசையாகவும் மிச்சமிருந்தன. வெளியே லண்டனுக்குப் போகும் எழுத்து, உள்ளே நம் வீட்டு அரிசி. இதற்கு மேல் கலைஞர் கைவைக்க அதில் அதிகம் இல்லை.

கட்டிலுக்கடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டியும் இப்படித்தான். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறிய பெட்டியும் உண்டு, அடுக்கி வைத்துப் போகாமலே நின்றுபோன பெட்டியும் உண்டு.

மற்றவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்: முனை மழுங்கிய சுரண்டி, வளைந்த அலவாங்கு, பிடி போன மம்பட்டி, கொழுந்து பறிப்பவர் இடுப்பில் கட்டும் கிழிந்த படங்கு, பழைய பிரம்புக் கொழுந்துக் கூடை, பறிக்கும் மட்டம் பார்க்கச் செடி மேல் வைக்கும் மட்டக்கம்பு, துருவேறிய கூரைத் தகரம், பிடுங்கிப்போட்ட தேயிலை வேர். குடையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தென்மேல் பருவக் காற்று அடித்து ஓய்ந்தபின் எந்த பஸ் தரிப்பிடத்துக்குப் போனாலும் முறிந்த குடை ஒன்றாவது கிடக்கும். அதன் கம்பி உறுதியானது, வளைத்தால் நிமிரும், மூட்டுக்கு மூட்டு சிறு துளையும் ஏற்கெனவே இருக்கிறது. கட்டுவதற்கு இதைவிட வசதியான பொருளைக் கடையில் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கிவரவும் கூடாது. தொழிற்சாலைக்குப் பின்னால் புல் மூடிக் கிடக்கும் உருட்டு இயந்திரத்தின் பல்சக்கரம் அநாதையாகத் தெரியலாம். அது கம்பனியின் சொத்து. அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் ஒரு துண்டுக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காவலாளியோடுதான் கலை பேச வேண்டியிருக்கும். அரச மரத்தடியில் வைத்துவிட்டுப் போன சாமிப் படத்தையும் உடைந்த சிலையையும் தொடாதீர்கள். வைத்தவருக்கு அது குப்பை அல்ல. ஒரு அம்மாவின் கூடை மூலையில் தூசி படிந்து கிடந்தாலும், "இது வேண்டுமா அம்மா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கும்போது அந்தக் கூடையின் கதையையும் சொல்வார்கள், அதுதான் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது. மண்சரிவு நடந்த இடங்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. அப்படியான மண்ணில் கிடைக்கும் ஒரு தட்டோ செருப்போ முதலில் உறவினருக்கு உரியது. கலைக்கு வருவதாக இருந்தால் அவர்கள் கையிலிருந்துதான் வர வேண்டும்.

உடம்புக்காக ஒதுக்க வேண்டியவையும் உண்டு. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மரக்கறித் தோட்டங்களில் கிடக்கும் மருந்துப் போத்தல் எவ்வளவு அழகான நீலமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மிகப் பழைய தேயிலைப் பெட்டியின் உள்தாள் ஈயமாக இருக்கலாம். தாளின் ஓரத்தை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரிச் சாம்பல் தடம் விழும். விழுந்தால் அதைக் கையுறையோடு கழற்றி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். செப்புக் கம்பிக்காக வயரை எரிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் புகை நஞ்சு, கத்தியால் உறையைச் சீவி எடுப்பதே மேல். தகரத்தில் கை வெட்டிக்கொண்டால் ஏற்பு ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். சேர்த்த டின்களையும் டயர்களையும் முற்றத்தில் வாய் மேலே பார்க்கக் குவித்தால் மழை நீர் தேங்கி நுளம்பு பெருகும். சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயா வந்து நிற்கும்போது நான் கலைஞன் என்று சொல்லித் தப்ப முடியாது. எல்லாவற்றையும் கவிழ்த்து, கூரைக்குக் கீழே வையுங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரு தடுமாற்றம் வரும். எவ்வளவு சுத்தம்? என் கணக்கு இது: அழுக்கு போக வேண்டும், அடையாளம் போகக் கூடாது. உதிரும் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அடியில் இறுகிப் படிந்த துரு இருக்கட்டும். அதன் மேல் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்தால் கையிலும் சுவரிலும் ஒட்டாது. துரு முழுவதும் போக வேண்டுமானால் ஓரிரவு வினிகரில் ஊறவைத்து, தேய்த்து, தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே அடுப்பங்கரையில் உலர்த்துங்கள். நுவரெலியாப் பனிமூட்டத்தில் கழுவிய இரும்பை வெளியே விட்டால் காலையில் புதுத் துரு பூத்திருக்கும். மரம் அதற்கு மாறானது. ஈர நிலத்திலிருந்து எடுத்த தேயிலை வேரை நேராக அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிப்பக்கம் சீக்கிரம் சுருங்கி வெடித்துவிடும். நிழலில் வாரக்கணக்கில் காயட்டும்.

அடுத்தது வைத்துப் பார்த்தல். புதிதாகத் தொடங்குபவர்கள் அவசரப்படும் இடம் இதுதான். பசையையும் ஆணியையும் மறந்துவிட்டு, சேர்த்த பொருட்களைத் தரையில் பரப்பி, இரண்டு இரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில ஜோடி உருவத்தால் ஒட்டும், சீட்டும் கொம்பும் ஒட்டியதைப் போல. சில ஜோடி முரண்டு பிடிக்கும், அரிசிப் பெட்டியும் லண்டன் எழுத்தும் மாதிரி. சில பொருள் தனியாக ஒன்றும் சொல்லாது, நூறு சேர்ந்தால்தான் வாய் திறக்கும். ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துவிட்டுக் கலையுங்கள். இரண்டு நாள் கழித்துப் படங்களைப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்று தானாகத் தெரியும். பொதுவாகக் கடைசியில் எடுக்க வேண்டியது, நீங்கள் மிகவும் ஆசைப்பட்டுச் சேர்த்த பொருளாகத்தான் இருக்கும்.

பெட்டிக்குள் அடுக்குவது தொடக்கக்காரருக்கு நல்ல வழி. எல்லை கிடைத்துவிடுகிறது, கண் அலையாது. ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாத ஜோசப் கோர்னெல் பெயர் வாங்கியது கண்ணாடி போட்ட சிறு பெட்டிகளுக்குள் செய்த வேலையால்தான். லூயிஸ் நெவல்சன் நியூயோர்க் தெருக்களில் பொறுக்கிய நாற்காலிக் கால், கைப்பிடி, மரச்சிதறல்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிச் சுவரளவு உயர்த்தி, எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு அடித்தார். இங்கே என் வாதத்துக்கே இடி விழுகிறது அல்லவா? பெயின்ட் அடிக்காதே என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, முழுக் கறுப்பில் பெயர் வாங்கிய ஒருவரைக் கொண்டுவருகிறேன். ஆனால் அந்தக் கறுப்புக்குள் நாற்காலிக் கால் நாற்காலிக் காலாகவே நிற்கிறது. நிறம் போய் உருவம் இன்னும் துலங்குகிறது. பெயின்ட் பொருளை மூடுகிறதா, எடுத்துக் காட்டுகிறதா என்பதை அடித்த பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சொல்லிவிடலாம்.

இனி இணைப்பது. மலைநாட்டு ஈரத்தில் சாதாரணப் பசை நிலைக்காது. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுவதைவிட, தெரியும்படி கட்டுவது உறுதியும் நேர்மையும் கூடியது. மேசன் வேலைக் கட்டுக்கம்பி, எரிந்த மோட்டரிலிருந்து எடுத்த செப்புக் கம்பி, திருகாணி, ஒரு பிளையர், ஒரு டிரில். இவ்வளவும் இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். மெல்லிய தகரத்துக்கு ஆணியும் சுத்தியலுமே துளை போடும், அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொண்டால் சரி. இரும்போடு இரும்பு சேர வேண்டுமானால் டவுனில் வெல்டிங் கடைக்காரரிடம் கொண்டு போங்கள். போவதற்கு முன் எங்கே ஒட்ட வேண்டும் என்று சோக்கால் அடையாளம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் நல்ல மனதுக்கு எல்லாவற்றையும் நேராக்கி, கிரைண்டரால் பளபளப்பாக்கித் தந்துவிடுவார்.

மாட்டும் இடம் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பாக இருந்தால் சாரல் அடிக்காத சுவராகப் பாருங்கள். பாரமான வேலைக்குப் பழைய மண்சுவர் ஆணி தாங்காது, கூரையைத் தாங்கும் மரமான தீராந்தியிலிருந்து கம்பி இறக்கிக் கட்டுவது பாதுகாப்பு. மாட்டுவதற்கு முன் பலகையின் பின்பக்கத்தில் எந்தப் பொருள் எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில், யார் கொடுத்து வந்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் பரவிவிடும்.